நாற்பத்தெட்டு வயதில் சட்டக் கல்லூரி

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நமது செயலாளர் வந்து கேட்டபோது, "என்னைப் போன்ற கிழவனிடமா கேட்கிறீர்கள்?" என்றேன். "சார், நீங்களும் இரண்டாம் ஆண்டு மாணவர்தானே! சந்தா வாங்கும்போது வயதைப் பார்த்தோமா, கட்டுரைக்கு மட்டும் பார்ப்பதற்கு?" என்று மடக்கிவிட்டார் அந்தத் தம்பி. சட்டம் படிக்க வேண்டியவர் அவர். தவறிப்போய் இரசாயனம் படித்துக் கொண்டிருக்கிறார்.

ஆகவே எழுதுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகள் மத்திய சர்க்காரின் ஒரு கணக்குக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தவன், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தில்லிப் பல்கலைக் கழகத்தின் சட்டத் துறையில் மாணவனாகச் சேர்ந்தேன். முதல் நாள் வாயிற்காவலர் என்னை நிறுத்தி, "மாணவரின் தகப்பனார்கள் அந்தப் பக்கம்" என்று மர நிழலைக் காட்டினார். நானும் மரியாதையாக அங்கே போய்க் கால் மணி நேரம் நின்றேன். பிறகுதான் நான் எவருக்கும் தகப்பனாராக அங்கு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இந்த வயதில் சட்டம் படிக்க முடியுமா, எப்படி மனுப் போடுவது, என்னென்ன இடறல்கள் உண்டு என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நம் சங்கத்து இளைஞர் சிலர் தங்கள் மாமாவுக்காக, அண்ணிக்காக, ஏன், ஓய்வு பெறப்போகும் தந்தைக்காகவும் கேட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களாய் முப்பதைத் தாண்டிவிட்ட நண்பர்கள் தங்களுக்காகவே கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இந்த விடையை எழுதி வைக்கிறேன்.

முதலில், "ஏன்?" என்ற கேள்வி. இதைத் தவிர்க்கவே விரும்பினேன். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றவை வெறும் விதிப் பட்டியலாகிவிடும்.

எங்கள் காரியாலயத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். மலைப் பிரதேசத்துக்காரர், 1989-இல் பணியில் சேர்ந்தவர். 2016 மார்ச்சில் காலமானார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். அந்த அம்மாளின் பெயர் அடையாள அட்டையில் 'வ' என்று தொடங்குகிறது. கணவரின் பணிப் பதிவேட்டிலோ 'ப' என்று தொடங்குகிறது. வடநாட்டில் சில வருஷம் இருந்தவர்களுக்கு இந்த வகர பகரக் குழப்பம் தெரியும். ஒரே பெயர், ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. "பெயர் ஒத்துப் போகவில்லை; உரிய சான்று பெற்றபின் பரிசீலிக்கலாம்" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். விதிப்படி எழுதினேன். ஒரு வரிதான். அதன்பின் எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வந்தது, மறந்தும் போனேன்.

ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அம்மாளை மீண்டும் கண்டேன். எவரோ சொல்லி, 2022 மார்ச்சில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தார். மறு ஆண்டு அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் நிலுவைத் தொகை மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "பாபுஜி, அவர் போய் ஆறு வருஷத்துக்கப்புறம் கேஸ் போட்டேன். மூன்று வருஷத்துப் பணம் வந்திருக்கிறது. மிச்ச மூன்று வருஷம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். என்மேல் கோபமாகக் கேட்கவில்லை. அந்தக் குறிப்பு என்னுடையது என்பதே அவருக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்த மனிதர் என்று நம்பிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமல் பார்த்தாலும் 36 மாதத்துக்கு 3,24,000 ரூபாய். என் ஒரு வரியின் விலை அது. அன்றிரவு நான் உறங்கவில்லை என்று எழுதினால் கதை போலிருக்கும், உறங்கினேன். ஆனால் மறுநாள் காலையில் மனைவியிடம், "சட்டம் படிக்கலாமென்று பார்க்கிறேன்" என்றேன். அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. "படித்துவிட்டு?" என்றாள். எங்கள் பெண் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வயதைப் பற்றிய அச்சம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. இரண்டு முறை கதவை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். 45 வயது நிறைந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்வதில்லை என்று இந்திய பார் கவுன்சில் 1993-இல் ஒரு விதி செய்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதி மன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பை நடுவயதுக்காரர் எவரும் ஒருமுறை படிக்க வேண்டும், பக்கங்கள் அதிகமில்லை. பதிவான வழக்கறிஞர் எந்த நிபந்தனைக்கு உட்பட்டுத் தொழில் நடத்த வேண்டும் என்று விதி செய்யத்தான் 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு வகுப்பார் உள்ளே வரவே கூடாது என்று தடுக்க அல்ல என்றது நீதி மன்றம். அதோடு நிற்கவில்லை. இளமையில் பதிவு செய்துகொண்டு, பிறகு வேறு வேலைக்குப் போய், ஐம்பது வயதில் திரும்பி வருபவரை இந்த விதி தடுக்கவில்லையே. புதிதாய் வருபவரை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்ற பாகுபாட்டையும் எடுத்துக் காட்டி, சமத்துவ உரிமைக்கு மாறானது என்று தீர்த்தது. நான் படிப்பை முடிக்கும்போது எனக்கு 51 ஆகும். அந்த விதி நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டாவது தடை படிப்பிலேயே சேர முடியாதபடி வந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது உச்ச வரம்பு என்று இருந்தது. அதன்மேல் பல வழக்குகள் நடந்தன, இடையில் கைவிட்டார்கள், 2016-இல் மறுபடி கொண்டுவந்தார்கள், 2017 மார்ச்சில் உச்ச நீதி மன்றம் அதை நிறுத்தி வைத்தது. நான் சேர்ந்தபோது என் வயதை யாரும் கேட்கவில்லை, அந்தக் காவலரைத் தவிர.

படிப்புத் தகுதி: ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம். இந்திய பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 45, இதர பிற்பட்ட வகுப்பினருக்கு 42, அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40 மதிப்பெண் போதும். ஆனால் பல்கலைக் கழகங்கள் இதற்கு மேலும் கேட்கலாம். தில்லியில் பொதுப் பிரிவினருக்கு 50 வேண்டும். நான் 1996-இல் வாங்கிய பி.காம். மதிப்பெண் 54, அந்த நான்கு மதிப்பெண்ணுக்காக அன்று என்னை விரட்டிப் படிக்க வைத்த என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவர்களும் மனுப் போடலாம். ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேராகத் திறந்த வெளிப் பல்கலைக் கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. சட்டப் படிப்பையே அஞ்சல் வழியில் படிக்க முடியுமா என்றால், முடியாது. எம்.ஏ. படித்துக்கொண்டே கூடவே சட்டமும் படிக்கலாம் என்று நினைக்கும் நம் நண்பர்களும் கவனிக்க: ஒரே காலத்தில் இரண்டு முறையான படிப்பில் சேரக் கூடாது என்பது அதே விதிகளில் உள்ளது.

நுழைவுத் தேர்வு: 2023 முதல் தில்லியில் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வின் மூலமே சட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் எழுதியபோது 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 போய்விடும். ஆங்கில வாசிப்பு, பொது அறிவு, தருக்கம் இவைதான் பெரும்பாலும். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருஷம் சர்க்கார் சுற்றறிக்கைகளைப் படித்துப் பொருள் கண்டவனுக்கு எந்த ஆங்கிலப் பத்தியும் கடினமாகத் தோன்றாது! கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, கடிகாரம் ஓட ஓட எழுதுவதுதான் பழக்கமில்லை. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பத்து மாதிரித் தேர்வுகள் வைத்தாள். முதல் இரண்டில் அவளே எனக்காக வெட்கப்பட்டாள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வுக்கு மனுப் போட்டால் மட்டும் போதாது. பல்கலைக் கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாக மற்றொரு மனுப் போட வேண்டும். தேர்வில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர், "அழைப்பு வரும்" என்று வீட்டில் காத்திருந்து அந்த வருஷத்தையே இழந்தார். அழைப்பு எதுவும் வராது, ஐயா. நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

அடுத்து, நமக்கென்றே உள்ள சங்கடம்: தலைப்பெழுத்து. என் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால். பட்டச் சான்றிதழில் முன்னால். ஆதார் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து கிடக்கிறது. வருமான வரி அட்டையிலோ தகப்பனார் பெயரே முன்னால் வந்து, நான் அவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் எவரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் நான்கு தாள்களையும் பரப்பி வைத்துவிட்டு, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார் ஒரு குமாஸ்தா. வகரமும் பகரமும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. நான் எழுதிய அதே குறிப்பை அவரும் எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை. "நான்கு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்து, நாளைக் காலைக்குள் கொண்டுவாருங்கள்" என்றார். அவ்வளவுதான். ஒரு நாளில் தீர்ந்தது. ஆகையால், மனுப் போடுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதார்ப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். தேர்வு மனுவிலும் அதே எழுத்து, அதே இடைவெளி.

உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிக்க முடியுமா? வேலை பார்ப்பவர் சட்டம் படிக்கக் கூடாது என்று தடை இல்லை. பழைய சென்னையில் டி. முத்துசாமி ஐயர் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கி, சர்க்கார் பணியில் இருந்துகொண்டே பி.எல். பட்டம் பெற்று, சென்னை உயர் நீதி மன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். காலணியில்லாத அவருடைய சிலை அங்கே இருக்கிறது. ஆனால் இன்றைய விதிப் புத்தகம் 70 விழுக்காடு வருகை கேட்கிறது. வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணவரைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதி மன்றம் 2025 நவம்பரில் சொன்னது உண்மை. அதை நம்பி வகுப்புக்குப் போகாமல் இருக்கலாம் என்று நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். வகுப்பில் கிடைப்பது புத்தகத்தில் இல்லை.

நான் படிப்பு விடுப்புக் கேட்டுப் பார்த்தேன். மத்திய சர்க்கார் ஊழியருக்கு மொத்தப் பணிக் காலத்தில் 24 மாதம் வரை அது உண்டு. உத்தியோகத்துக்குத் தொடர்பில்லாத படிப்பு என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் குறிப்பை எழுதியவரும் விதிப்படிதான் எழுதியிருப்பார். இருபது வருஷம் பணி முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். நான் 1999-இல் சேர்ந்தவனாகையால் பழைய ஓய்வூதியத் திட்டம். கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். சிக்கல் எங்கே வந்ததென்றால், தேர்வு முடிவு ஏப்ரலில் வந்தது. சேர்க்கைப் பட்டியலுக்குக் கோடைக்காலம் முழுதும் காத்திருக்க வேண்டும். பட்டியல் வரட்டும் என்றிருந்தால் மூன்று மாத அறிவிப்புக்கு நேரம் இராது. ஏப்ரல் கடைசியில் அறிவிப்பைக் கொடுத்துவிட்டேன். இடம் கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, படிப்பும் இல்லை. அந்த மூன்று மாதம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மனைவி மாத்திரம் பால்காரரிடம் ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகக் குறைத்தாள். நான் கவனித்தேன், கவனிக்காதவன் போல இருந்தேன்.

வருமானக் கணக்கு போடுபவர்கள் வேறு இரண்டு விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞராகப் பதிவானபின் முழு நேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. பகலில் உத்தியோகம், மாலையில் வக்கீல் என்பது நடக்காது. பம்பாயில் ஒரு அறுவை மருத்துவர் சட்டப் பட்டம் பெற்று, மருத்துவத் தொழிலை விடாமலே வழக்கறிஞராகவும் பதிவு கேட்டார். 1996-இல் உச்ச நீதி மன்றம் மறுத்துவிட்டது. இந்தத் தொழில் முழு மனிதனைக் கேட்கிறது என்பது அதன் கருத்து. ஓய்வூதியம் சம்பளமல்ல என்பதால் என் போன்றவர்களுக்குத் தொல்லையில்லை. பதிவுக் கட்டணம் முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக் கணக்கில் இருந்தது; சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேல், அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 125-க்கு மேல், வாங்கக் கூடாதென்று 2024 ஜூலையில் தீர்ப்பாயிற்று. அதன்பின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு ஒன்று இருக்கிறது. முதல் சில வருஷ வருமானம் பற்றி வயதானவர்கள் கனவு காண வேண்டாம். இளம் வழக்கறிஞருக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் மூத்தவர்களைக் கேட்டுக்கொண்டது, பரிந்துரைதான், கட்டாயமில்லை. நீதிபதிப் பதவிகளின் வயது வரம்பை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். அதற்காக வருபவர்கள் முப்பதுகளிலேயே வந்துவிடுங்கள். முதற்படி நீதிபதிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டுமென்று 2025 மே மாதத்தில் மீண்டும் விதித்துவிட்டார்கள்.

படிப்பு எப்படி இருக்கிறது? இனிக்கிறது. இங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்வதில்லை. வழக்கை எடுத்துக்கொண்டு, நடந்தது என்ன, கேள்வி என்ன, நீதிபதி எதனால் அப்படிச் சொன்னார் என்று பிரித்துப் பார்க்கிறோம். ஒப்பந்தச் சட்டத்தில் 1919-ஆம் வருஷத்து ஆங்கில வழக்கு ஒன்று வந்தது. இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஒரு துரை, உடல் நலத்துக்காக இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு பிரிவு ஏற்பட்டது. மனைவி வழக்குப் போட்டார். கணவன் மனைவிக்குள் சொல்லும் இத்தகைய வாக்கு நீதி மன்றத்தில் செல்லும் ஒப்பந்தமாகாது என்று தீர்ப்பாயிற்று. ஆசிரியர் வகுப்பைச் சுற்றிப் பார்த்து, "இதில் அனுபவம் உள்ளவர் எவர்?" என்றார். எண்பது தலைகள் என் பக்கம் திரும்பின. வீட்டில் இந்தத் தீர்ப்பை இன்றுவரை நான் சொல்லவில்லை.

இன்னொரு ஆறுதலும் உண்டு. 2024 ஜூலை முதல் தேதி பழைய தண்டனைச் சட்டமும், குற்ற நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் போய்ப் புதியவை மூன்று வந்தன. முப்பது வருஷம் தொழில் செய்த பெரிய வக்கீலும் பிரிவு எண்ணைப் புத்தகத்தில் தேடுகிறார், நானும் தேடுகிறேன்.

அந்த அம்மாளின் கேள்விக்கு விடை மூன்றாம் பருவத்தில், நூலகத்தில் கிடைத்தது. 1983-இல் உடல் நலம் கெட்டு விடுவிக்கப்பட்ட ஒரு சிப்பாய் 1999-இல் ஓய்வூதியம் கேட்டு வழக்காடிய கதை அது. மாதா மாதம் தர வேண்டியதைத் தராதிருப்பது தொடர்ந்து நிகழும் தவறு. எனவே தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் நிலுவை மட்டும் வழக்குப் போட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு பின்னோக்கித்தான் என்று 2008-இல் உச்ச நீதி மன்றம் வகுத்தது. 2022-இலிருந்து மூன்று வருஷம் பின்னே போனால் 2019. அவ்வளவுதான் கணக்கு. மறு வாரமே இன்னொன்றும் படித்தேன்: 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவுப்படி, எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கேட்கலாம்; தீர்ப்பாயத்துக்கும் அது பொருந்தும். தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய். முதல் வருஷமே இதை அவரிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்த 36 மாதம் போயிராது. சொல்லியிருக்க வேண்டியவன் நான். எனக்கு அப்போது தெரியாது.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குறிப்பு எழுதியது நான் என்பதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தேநீர் போட எழுந்து போனார். திரும்பி வந்து, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "இவளுக்கும் ஒரு காகிதம் இருக்கிறது, பாருங்கள் பாபுஜி" என்றார். அவள் கணவனின் பணிப் பதிவேட்டு நகல். நான் இன்னும் வழக்கறிஞர் இல்லை. ஆகையால் மாவட்டச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆண்டு மனுப் போட எண்ணுபவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க அறைக்கு வரலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். பெயர்களை நான் முதலில் பார்க்கிறேன்.